படத்தில் இருப்பவரும் பார்க்க வருவார்

எடுத்த படங்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, சுவரில் மாட்டி, ஊரைக் கூப்பிட்டுக் காட்டுபவரை இந்த அத்தியாயத்தில் தொகுப்பாளர் என்று குறிப்பிடுகிறேன். எத்தனை படம், என்ன அளவு, எந்த உயரம், கீழே என்ன வாசகம், எவ்வளவு வெளிச்சம் என்று அவர் எடுக்க வேண்டிய முடிவுகள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விதி சொல்லலாம். ஆனால் எல்லா முடிவுகளுக்கும் ஒரே ஆளை மனதில் வைத்துக்கொள்ளும்படி சொல்வேன். அவர்தான் படத்தில் இருப்பவர். அவர் தன் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். தன் படத்தின் முன் நிற்கிறார். கீழே எழுதியிருப்பதை வாசிக்கிறார், அல்லது பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். "ஆமாம், இது நான்தான். என் வேலை இப்படித்தான்" என்று அவரால் சொல்ல முடிந்தால் உங்கள் தேர்வு சரி.

புகைப்படக் கண்காட்சிகளிலேயே அதிகம் பேசப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1955 ஜனவரியில் எட்வர்ட் ஸ்டைக்கன் அமைத்த 'தி ஃபேமிலி ஆஃப் மேன்' அது. 68 நாடுகளிலிருந்து 273 பேர் எடுத்த 503 படங்கள். காதல், பிறப்பு, விளையாட்டு, உழைப்பு, சாவு என்று மனித வாழ்க்கையின் ஓட்டத்திலேயே வரிசை போனது. கட்டடக் கலைஞர் பால் ருடால்ஃப் கூடத்தை வடிவமைத்தார். சட்டமோ கண்ணாடியோ இல்லாமல் சில படங்கள் சுவரளவுக்குப் பெரிதாக நின்றன. சில கையளவில் இருந்தன. சில கூரையிலிருந்து தொங்கின. பிறகு அது உலகம் சுற்றியது. இந்தியாவுக்கும் வந்தது. இப்போது லக்சம்பர்க் நாட்டின் கிளெர்வோ கோட்டையில் நிரந்தரமாக இருக்கிறது. 2003-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. பார்வையாளரை நடக்கவைத்தே ஒரு கதையைச் சொல்வது எப்படி என்று கற்க விரும்பும் யாருக்கும் ஸ்டைக்கனிடம் பாடம் இருக்கிறது.

அதே கண்காட்சி 1959-இல் மாஸ்கோவுக்குப் போனது. அங்கே தியோஃபிலஸ் நியோகோன்க்வோ என்ற நைஜீரிய மாணவர் சில படங்களைச் சுவரிலிருந்து கிழித்தெறிந்தார். அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் உடுத்திய கோலத்தில் இருக்க, ஆப்பிரிக்கர்கள் அரைகுறை ஆடையோடு மட்டும் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்பது அவருடைய கோபம். அந்தப் படங்களை எடுத்தவர் பொய்யாக எதையும் எடுக்கவில்லை. ஒரு கண்டத்து மக்களுக்கு எந்தப் படம், இன்னொரு கண்டத்து மக்களுக்கு எந்தப் படம் என்று பங்கு பிரித்ததில்தான் கோளாறு. அதைச் செய்தது தொகுப்பாளரின் கை. அத்தனை பெரிய கண்காட்சியில் படத்திலிருந்தவர்களுக்குப் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. எடுத்தவர் பெயரும் நாட்டின் பெயரும் மட்டும் இருந்தன. இடையிடையே உலகப் பழமொழிகள் இருந்தன. பெயரும் தேதியும் போய்விட்டால் ஒருவருடைய பட்டினி எல்லா மனிதருக்கும் பொதுவான விதி போலத் தெரியத் தொடங்கிவிடும். பாரிஸில் பார்த்துவிட்டு பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த் எழுதிய கண்டனத்தின் சாரமும் ஏறத்தாழ இதுதான்.

தேர்வு

திரையில் தேர்ந்தெடுக்காதீர்கள். கணினித் திரையில் எல்லாப் படமும் ஒரே அளவு, ஒரே ஒளி. ஒன்று போனால்தான் அடுத்தது வரும். பக்கத்தில் எது இருந்தால் எது மங்கும் என்பது தெரியாது. பூர்வாங்கமாக ஒதுக்கிய நூறு, நூற்றைம்பது படங்களை லேபில் 4×6 அளவில் அச்சிட்டு வாங்குங்கள், செலவு பெரிதல்ல. தரையில் பாய் விரித்துப் பரப்பிவிட்டு, நின்றுகொண்டு பாருங்கள். இரண்டு நாள் அப்படியே கிடக்கட்டும். வீட்டில் போகிறவர் வருகிறவர் எந்தப் படத்தருகே குனிகிறார் என்று கவனியுங்கள்.

எத்தனை படம் என்பதை ஆசை தீர்மானிக்கக் கூடாது, சுவர் தீர்மானிக்கட்டும். 30-க்கு 20 அடிக் கூடம் என்றால் சுற்றளவு 100 அடி. கதவு, ஜன்னல், சுவிட்ச் போர்டு, தீயணைப்பான் எல்லாம் போக 70 அடி தேறும். 16×24 அங்குலப் படத்துக்கு நாலாபுறமும் 3 அங்குலம் மவுண்ட் வைத்துச் சட்டமிட்டால் 22×30. அகலம் இரண்டரை அடி, இடைவெளி ஓர் அடி. ஆக ஒரு படத்துக்கு மூன்றரை அடி வேண்டும். கூடம் 20 படம் தாங்கும். முப்பது மாட்டினால் அது துணிக்கடை ஜன்னல் போல ஆகிவிடும். 1967-இல் ஜான் சார்கோவ்ஸ்கி அதே நியூயார்க் அருங்காட்சியகத்தில் 'நியூ டாக்குமெண்ட்ஸ்' கண்காட்சியை வைத்தபோது மூன்றே மூன்று பேரைத்தான் எடுத்துக்கொண்டார்: டயான் ஆர்பஸ், லீ ஃப்ரீட்லாண்டர், கேரி வினோகிராண்ட். புகைப்பட வரலாற்றின் போக்கைத் திருப்பிய கண்காட்சி அது. 273 பேரும் ஒரு வழி, மூன்று பேரும் ஒரு வழி. முதல் கண்காட்சி அமைப்பவருக்கு இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன்.

நீக்குவதற்குக் கடினமானவை நல்ல படங்கள். ஒரே காரியத்தைச் செய்யும் இரண்டு நல்ல படங்கள் இருந்தால் ஒன்று போகத்தான் வேண்டும். அப்போது அழகானதை வைத்துக்கொள்ளத் தோன்றும். படத்தில் இருப்பவர் எதை வைத்துக்கொள்ளச் சொல்வார் என்று யோசியுங்கள். முடிந்தால் அவரிடமே கேளுங்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவரை வெயிலில் கண் சுருங்கி, உதடு வெடித்து நிற்கும் நெருக்கப் படமாக எடுத்திருப்பீர்கள். அதோடு, உப்பு வாரும் பலகையை அவர் பிடித்திருக்கும் விதம் முழுதாகத் தெரியும் படமும் இருக்கும். முதலாவது போட்டியில் பரிசு வாங்கும். இரண்டாவதில்தான் அவருடைய தொழில் இருக்கிறது, அந்தத் தொழிலில் அவருக்குள்ள கைத்திறன் இருக்கிறது. இரண்டையும் மாட்ட இடமிருந்தால் மாட்டுங்கள். ஒன்றுக்குத்தான் இடம் என்றால் என் வாக்கு இரண்டாவதற்கே.

அடுத்தடுத்து

ஒரு படத்துக்குப் பக்கத்தில் எது வருகிறதோ அதுவே அதன் பொருளை மாற்றும். பெரிய வீட்டுத் திருமணப் பந்திக்குப் பக்கத்தில் எச்சில் இலை எடுப்பவரின் படத்தை வைத்தால் ஒரு வாதம் உருவாகும். அதே ஆள் தன் மகளின் பள்ளி விழாவில் நிற்கும் படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தால் ஒரு வாழ்க்கை உருவாகும். முதல் வகை ஜோடிகளை ஒரு கண்காட்சியில் ஒன்றிரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். அதில் படத்திலிருப்பவர் உங்கள் வாதத்துக்குச் சாட்சியாக மட்டும் சுருங்கிவிடுகிறார்.

வரிசையை அட்டை மாதிரியில் செய்து பார்ப்பது நல்லது. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் கூடத்தை வெட்டி ஒட்டுங்கள். படங்களைத் தபால்தலை போலச் சிறிதாக அச்சிட்டுக் குண்டூசியில் குத்துங்கள். வாசலில் நுழைந்ததும் எது தெரியும், திரும்பும் மூலையில் எது காத்திருக்கும், வெளியேறும்போது முதுகுக்குப் பின்னால் எது இருக்கும் என்பது இதில்தான் பிடிபடும். நம் ஊரில் பெரும்பாலோர் உள்ளே வந்ததும் இடப்பக்கமாகவே தொடங்கி, கோயில் பிராகாரம் சுற்றும் திசையில் வலம் வருகிறார்கள். வரிசையை அந்தத் திசைக்கே அமைத்துவிட்டால் அம்புக்குறிகள் தேவைப்படாது.

திறப்பு விழாவுக்குப் பிறகும் வரிசையை மாற்றலாம். ஸ்டைக்கன், மரத்தில் பிணைத்துக் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் ஒருவரின் படத்தைக் கண்காட்சி திறந்த சில வாரங்களில் எடுத்துவிட்டார். மக்கள் அதன் முன்பே நின்றுவிட, அவர் நினைத்திருந்த ஓட்டம் தடைபட்டதுதான் காரணம். மாற்றும் துணிவு அவருக்கு இருந்தது சரி. ஆனால் மக்கள் நிற்கிறார்கள் என்பதற்காக ஒரு படத்தை எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அவர்கள் நிற்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள். பக்கத்துப் படத்தை எடுங்கள். 1956-இல் டோக்கியோவில் அதே கண்காட்சியில் யோசுகே யமஹாதா எடுத்த நாகசாகிப் படங்கள் சேர்க்கப்பட்டு, பேரரசர் வந்தபோது திரையிட்டு மறைக்கப்பட்டு, பின்னர் அகற்றப்பட்டன. விருந்தினர் யார் என்பதைப் பொறுத்து ஒரு படத்தை மறைக்க வேண்டிவந்தால், அங்கே கண்காட்சியைத் தொகுப்பது நீங்கள் அல்ல. அத்தகைய நிபந்தனையை இடம் கொடுப்பவர் முன்வைத்தால் வேறு இடம் தேடுங்கள்.

வாசகம்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

'வறுமையின் முகம்', 'உழைக்கும் கரங்கள்', 'கிராமத்துச் சிரிப்பு'. நம் கண்காட்சிகளில் படத்துக்குக் கீழே இப்படித்தான் எழுதுகிறோம். இதைப் படத்தில் இருப்பவரிடம் உரக்க வாசித்துக் காட்ட முடியுமா என்று பாருங்கள். "அம்மா, உங்கள் படத்துக்கு 'வறுமையின் முகம்' என்று பெயர் வைத்திருக்கிறோம்." சொல்ல நாக்கு வராது. நாக்கு வராததைச் சுவரில் ஒட்டாதீர்கள்.

வாசகத்தில் இருக்க வேண்டியவை: அவர் விரும்பினால் அவருடைய பெயர், ஊர், படத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது, எடுத்த மாதமும் ஆண்டும், எடுத்தவர் பெயர். அதற்குமேல் ஒரே ஒரு தகவல், படத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, இருந்தால் போதும்: அவர் எத்தனை மணிக்கு வேலைக்கு வருகிறார், கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது, பின்னால் தெரியும் கட்டடம் இப்போது என்ன ஆனது. சோகமான முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் 'சோகமான முகம்' என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழில் முப்பது, நாற்பது சொற்களுக்குள் இது முடிந்துவிடும்.

கூலி வேலை செய்கிறவரைப் பற்றி எழுதும்போது 'அவள்', 'அவன்' என்றும், அதிகாரியைப் பற்றி எழுதும்போது 'அவர்' என்றும் போகும் பழக்கம் நம் எழுத்தில் ஊறிப்போயிருக்கிறது. பிழை திருத்துபவரிடம் இதற்காகவே ஒரு முறை தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு குழந்தைகளைத் தவிர எல்லோரும் 'அவர்'.

தமிழ் வாசகம் மேலே, பெரிய எழுத்தில். ஆங்கிலம் வேண்டுமென்றால் கீழே. தமிழை முதலில் எழுதிவிட்டு அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போங்கள். ஆங்கிலக் குறிப்பை மொழிபெயர்த்து ஒட்டியது எவ்வளவு கவனமாகச் செய்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். சுழிகள் நிறைந்த எழுத்து என்பதால் 20 புள்ளிக்குக் குறைந்தால் வயதானவர்கள் குனிய வேண்டியிருக்கும். பளபளக்காத வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. படத்தின் மேலேயே எழுத்தை அச்சிடாதீர்கள்.

இந்த வகையில் எனக்கு முன்மாதிரி, சென்னையில் பிறந்த பத்திரிகையாளர் பி. சாய்நாத்தின் 'விசிபிள் வொர்க், இன்விசிபிள் விமன்' என்ற கண்காட்சி. 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் ஊரகப் பெண்களின் உழைப்பை எடுத்த படங்கள். செங்கல் சூளையில் ஒரு நாளில் எத்தனை முறை சுமக்கிறார்கள் என்பது போன்ற விவரங்கள்தான் வாசகங்கள், அலங்காரம் இல்லை. அது கலைக்கூடங்களோடு நிற்கவில்லை. பேருந்து நிலையம், ரயில் நிலையம், ஆலை வாசல், விவசாயத் தொழிலாளர் மாநாடு என்று போனது. படத்தில் இருப்பதைப் போன்ற வேலையை அன்று காலை செய்துவிட்டு வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள்.

சம்மதமும் உரிமையும்

எடுக்கும்போது கிடைத்த சம்மதம் மாட்டுவதற்கும் சேர்த்துக் கிடைத்தது ஆகாது. கைபேசியில் காட்டி, "இது இந்த ஊரில், இந்தத் தேதியில், இவ்வளவு பெரிதாக மாட்டப்படும். சுவரொட்டியில் போடலாமா? பெயர் போடலாமா?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். வழக்கில் சம்பந்தப்பட்ட, பாதிக்கப்பட்ட, காப்பகத்தில் உள்ள குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தடை செய்கிறது. முகத்தை மங்கலாக்குவதைவிட அந்தப் படத்தை விட்டுவிடுவதே மேல்.

பழைய ஸ்டூடியோ படங்களைக் காட்ட விரும்புகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் கண்ணாடி நெகட்டிவ்களையும் அச்சுகளையும் மின்னாக்கம் செய்ததிலிருந்து பலருக்கும் இதில் ஆர்வம் வந்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். நெகட்டிவ் ஸ்டூடியோக்காரரின் பரணில் இருக்கலாம். கல்யாணப் படத்தின் உரிமை அந்தக் குடும்பத்தினுடையது. உரிமையின் காலக்கணக்கு, 2012 திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும் என்று மாறியிருக்கிறது. குடும்பம் கொடுக்கும் அசல் படத்தை ஒருபோதும் மாட்டாதீர்கள். ஸ்கேன் செய்து, பிரதி எடுத்து, அசலை அதே வாரம் திருப்பிக் கொடுங்கள்.

அச்சும் அளவும்

24 மெகாபிக்சல் கேமராவின் படத்தில் 6000-க்கு 4000 பிக்சல் இருக்கும். அதை 20×30 அங்குலத்துக்கு அச்சிட்டால் ஓர் அங்குலத்துக்கு 200 பிக்சல் கிடைக்கும். சுவரில் வைத்துப் பார்க்க இது தாராளம். வாட்ஸ்அப்பில் வந்த படம் பெரும்பாலும் 1,600 பிக்சலுக்குச் சுருங்கி வரும். அதை 8 அங்குலத்துக்கு மேல் இழுக்காதீர்கள். மேட் தாளில் பிக்மெண்ட் மையில் அச்சிட்டதுதான் நீடிக்கும். ஊர் ஊராகப் போகும் கண்காட்சி என்றால் 5 மில்லிமீட்டர் சன்போர்டில் ஒட்டலாம், முனைகள் சீக்கிரம் நசுங்கும் என்று தெரிந்தே. ஃப்ளெக்ஸ் வேண்டாம், விளக்கொளியில் அதன் பளபளப்பு முகங்களை விழுங்கிவிடும். திறந்தவெளிக்குத் துணியில் அச்சிடுவது நன்றாக வருகிறது.

பெரிதாக அச்சிடக் காரணம் வேண்டும். 1858-இல் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்த நீளம் அந்தக் கல்வெட்டுக்கே உரியது. கோயிலில் நடந்து படிப்பதைப் படத்தின் முன்னும் நடந்து படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மூதாட்டியின் முகத்தை ஆறடிக்குப் பெருக்க அப்படி ஒரு காரணம் பெரும்பாலும் கிடைக்காது. 12×18 போதும். பார்ப்பவர் அருகே வரட்டும்.

உயரமும் வெளிச்சமும்

வெளிநாட்டுக் கூடங்களில் படத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 152 சென்டிமீட்டரில் இருக்கும்படி மாட்டுவது வழக்கம். நம் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 5 அடி. கண்மட்டம் அதைவிடப் பத்து சென்டிமீட்டராவது கீழே இருக்கும். ஆகவே 145-க்கு மேல் போகாதீர்கள். பள்ளிக்கூடத்தில் என்றால் இன்னும் இறக்குங்கள். ஆணியின் உயரத்தைக் கணக்கிடும் முறை இது: மையத்தின் உயரத்தோடு சட்டத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, கம்பியை இழுத்துப் பிடித்தால் சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து அது எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். 56 சென்டிமீட்டர் உயரச் சட்டம், கம்பி 6 சென்டிமீட்டர் கீழே என்றால், 145 கூட்டல் 28 கழித்தல் 6, அதாவது 167. ரசமட்டமும் சுண்ணாம்புக் கயிறும் கையில் இருந்தால் இரண்டு பேர் அரை நாளில் இருபது படம் மாட்டிவிடலாம். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்தால் காரை பெயரும். மேலே குறுக்குக் கம்பி கட்டி நைலான் கயிற்றில் தொங்கவிடுங்கள்.

மழைக்காலத்தில் வெளிப்புறச் சுவர் ஓதம் காக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கண்காட்சி என்றால் சட்டத்தின் பின்புறக் கீழ்மூலைகளில் சிறு ரப்பர் குமிழ்களை ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும், பூஞ்சை பிடிக்காது.

விளக்கு மேலிருந்து ஏறத்தாழ 30 டிகிரிச் சாய்வில் விழ வேண்டும். எல்.இ.டி. வாங்கும்போது பெட்டியில் 3000 கே. என்றும், நிற நேர்த்தி எண் (CRI) 90-க்கு மேல் என்றும் இருக்கிறதா பாருங்கள். சாதாரண டியூப்லைட்டில் மாநிற முகங்கள் சாம்பல் பூத்துத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அசல் அச்சுகள் 50 லக்ஸுக்கு மேல் தாங்கமாட்டா. புது அச்சுகளுக்கு அதைப் போல மூன்று மடங்கு வைக்கலாம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருள் நிறைந்த படத்தைக் கண்ணாடியிட்டு மாட்டினால், பார்ப்பவருக்குத் தன் முகமும் ஜன்னலும்தான் தெரியும்.

முதல் பார்வையாளர்

திறப்பு விழாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேச்சு குறையட்டும், நாற்காலிகள் படங்களை மறைக்காமல் இருக்கட்டும். அதற்கு முந்தைய நாள் மாலைதான் முக்கியம். படத்தில் இருப்பவர்களை அன்று அழையுங்கள். போக்குவரத்துச் செலவை வரவுசெலவில் முதல் வரியாக எழுதுங்கள். வேலை முடிந்து வரக்கூடிய நேரமாக வையுங்கள். புகைப்படக்காரர்களை அன்று உள்ளே விடாதீர்கள். படத்தில் இருப்பவர்கள் வாசகத்தில் திருத்தம் சொன்னால் இரவே மாற்றி அச்சிடுங்கள். ஊர்ப் பெயர், கருவியின் பெயர், உறவுமுறை ஆகியவற்றில் நிச்சயம் திருத்தம் வரும். ஒருவர் தன் படத்தை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாகவே விடுங்கள் அல்லது இருபுறமும் உள்ளவற்றைத் தள்ளி மாட்டுங்கள்.

ஒவ்வொருவருக்கும் அவர் படத்தின் 8×12 அச்சு ஒன்றை, சட்டமிட்டு, அன்றே கையில் கொடுங்கள். பின்பக்கத்தில் எடுத்தவர் பெயர், தேதி, உங்கள் தொடர்பு எண் மூன்றும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கட்டும். கண்காட்சி வேறு ஊருக்குப் போகும்போது மறுபடி அனுமதி கேட்க, அதே எண்ணிலிருந்து நீங்கள் அழைக்க வேண்டியிருக்கும்.